ஒரு பங்குக்கு என்ன விலை தகும்?

ஆரணியில் ஒரு பட்டுச் சேலையை விரித்துப் போட்டால், அதன் அடக்க விலையைப் போட்டுச் சொல்லக்கூடிய அனுபவசாலிகள் உண்டு. கோரா எத்தனை கிராம், ஜரிகை அசலா கலப்பா, சாயக்கூலி, நெசவுக்கூலி, அதற்குமேல் கடைக்காரர் வைக்கும் லாபம் என்று வரிசையாகக் கணக்கு வந்துவிடும். அந்தச் சேலையை விற்கும் கடையே பங்குச் சந்தைக்கு வந்தால், அதன் பங்குக்கு என்ன விலை தகும் என்பதை எந்தக் கணக்கைக் கொண்டு சொல்வது?

அப்படி ஒரு கடை வந்தும் இருக்கிறது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சாய் சில்க்ஸ் (கலாமந்திர்) நிறுவனம் 2023 செப்டம்பரில் பங்கு வெளியிட்டு 1,201 கோடி ரூபாய் திரட்டியது. காஞ்சிபுரம் பட்டை முன்னிறுத்தும் வரமகாலட்சுமி சில்க்ஸ் கடைகள் அதனுடையவை. 2 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கு 222 ரூபாய்க்கு விற்கப்பட்டது. புதிதாகச் சந்தைக்கு வருபவர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். முகமதிப்பு என்பது பங்கு மூலதனத்தைப் பதிவு செய்வதற்கான ஓர் அலகு. தகும் விலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அப்படியானால் 222 எங்கிருந்து வந்தது?

இதற்கு நூறு ஆண்டுகளாகப் பலர் பல விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கும் சொத்தைப் பார் என்றனர் சிலர். ஈட்டும் லாபத்தைப் பார், இனி வரப்போகும் பணத்தைப் பார் என்றனர் வேறு சிலர். சந்தை சொல்லும் விலையை மிஞ்ச முயலாதே என்போரும் உண்டு. இவை ஒவ்வொன்றும் எங்கே பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ இது பரிந்துரைக்கவில்லை. கணக்கு விளங்குவதற்காகப் பத்துத் தறி வைத்திருக்கும் ஒரு கற்பனைப் பட்டு உற்பத்தியாளரைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். கடன் போக அவருடைய சொத்து 60 லட்சம். வரி போக ஆண்டு லாபம் 10 லட்சம்.

சொத்தைக் கொண்டு அளப்பவர்கள்

மிகப் பழைய முறை இது. தறி, ஜக்கார்டு பெட்டி, கையிருப்புப் பட்டு, ஜரிகை, விற்காத சேலை, கடைகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, வங்கிக் கடனைக் கழித்தால் கிடைப்பது புத்தக மதிப்பு. நம் உற்பத்தியாளருக்கு அது 60 லட்சம்.

பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934-இல் தங்கள் பங்கு ஆய்வு நூலை வெளியிட்டபோது அமெரிக்கா பெருமந்தத்தில் சிக்கியிருந்தது. எளிதில் பணமாக்கக்கூடிய சொத்திலிருந்து எல்லாக் கடனையும் கழித்தபின் மிஞ்சும் தொகையைவிடக் குறைந்த விலைக்கே பல நிறுவனங்களின் பங்குகள் கிடைத்தன. அத்தகைய பங்குகளைத் தேடி வாங்குவது அந்தக் காலத்துக்குப் பொருந்திய உத்தி. விழுந்தாலும் அடிபடாத அளவுக்கு இடைவெளி விட்டு வாங்கு என்ற கிரகாமின் பாதுகாப்பு இடைவெளிக் கருத்து இன்றும் மதிக்கப்படுகிறது.

இந்த முறையின் பலவீனம் சேலை அடுக்கிய அலமாரியிலேயே தெரியும். ஐந்து வருடத்துக்கு முந்தைய டிசைனில் நெய்து தேங்கிய சேலை, கணக்கில் அடக்க விலையில் நிற்கலாம். வாங்க ஆள் இருக்காது. தந்தை காலத்தில் வாங்கிய மனை அன்றைய விலையிலேயே பதிவாகியிருக்கும். ஒருபக்கம் மிகையாகவும் மறுபக்கம் குறைவாகவும் புத்தகம் தவறலாம். நெசவாளரின் கைத்திறனும், வாடிக்கைக் கடைகள் வைத்திருக்கும் நம்பிக்கையும் புத்தகத்தில் ஏறுவதே இல்லை. ஆரணிப் பட்டுக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடு ஊருக்கே பொதுவான சொத்து. எந்தத் தனி நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டிலும் அதற்கு இடமில்லை.

சொத்து வழியின் இன்னொரு கிளை இந்தியாவுக்கு மிகுந்த சேதத்தை ஏற்படுத்தியது. ஒரு பழைய ஆலையை இன்று புதிதாகக் கட்டினால் எவ்வளவு செலவாகுமோ அதுவே அதன் மதிப்பு என்ற வாதத்தை முன்வைத்து மும்பைப் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா பங்கு விலைகளை நியாயப்படுத்தினார். சில நூறு ரூபாயில் இருந்த ஏ.சி.சி. சிமென்ட் பங்கு 1992-இல் ஒன்பதாயிரத்தைத் தொட்டது. வங்கிப் பணத்தை முறைகேடாகத் திருப்பிவிட்டது வெளியானதும் சந்தை சரிந்தது. அந்த ஏப்ரலில் 4,467 வரை ஏறிய சென்செக்ஸ் ஓராண்டில் பாதிக்கும் கீழே போனது. முறைகேட்டைத் தனியே வைத்துவிட்டு வாதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் அது நிற்காது. நம் பத்துத் தறி நிறுவனத்தை இன்று புதிதாக அமைக்க ஒன்றரைக் கோடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். லாபம் அதே 10 லட்சம்தான். ஒன்றரைக் கோடி கொடுத்து வாங்குபவருக்கு ஆண்டுக்கு 6.7 சதவீதம் கிடைக்கும். ஒரு வங்கி வைப்புத்தொகைக்கு ஈடான வருமானத்துக்காகத் தறி, ஆள், பாக்கி, நூல் விலை என்று இத்தனை கவலையையும் யார் ஏற்பார்கள்?

அரசே விலை வைத்த காலம்

புதிய முதலீட்டாளர்களுக்கான தமிழ் நூல்கள் இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் தாண்டிச் செல்கின்றன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தகும் விலை எது என்ற கேள்விக்கு இந்திய அரசு ஏறத்தாழ 45 ஆண்டுகள் தானே விடை சொல்லிப் பார்த்தது.

1947-ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், ஒரு நிறுவனம் எவ்வளவு பங்கை என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதை மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் முடிவு செய்தார். வளர்ந்து வந்த சூத்திரம் எளிமையானது. நிகர சொத்து மதிப்பு ஒருபக்கம். கடந்த ஆண்டுகளின் சராசரி லாபத்தை ஒரு குறிப்பிட்ட விகிதத்தால் வகுத்துப் பெறும் ஈட்டுத்திறன் மதிப்பு மறுபக்கம். உற்பத்தித் தொழிலுக்கு 15 சதவீதம், வணிகத்துக்கு 20 சதவீதம், இரண்டும் கலந்ததற்கு 17.5 சதவீதம். இரு மதிப்புகளின் சராசரி நியாய விலை. சந்தை விலையும் ஒப்பீட்டுக்காகப் பார்க்கப்படும். நம் உற்பத்தியாளரை இதில் போட்டால் சொத்து 60 லட்சம், ஈட்டுத்திறன் 66.7 லட்சம், நியாய விலை 63 லட்சம் சொச்சம்.

சூத்திரம் ஒழுங்கானது, யாரும் சரிபார்க்கக்கூடியது. ஆனால் அது முழுக்கவும் பின்னோக்கிப் பார்த்தது. அடுத்த பத்தாண்டில் இரட்டிப்பாகப் போகும் தொழிலையும் தேய்ந்து போகும் தொழிலையும் அது ஒரே கோலால் அளந்தது. 1973-இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தால் பல பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கைக் குறைக்க நேர்ந்தபோது, நல்ல நிறுவனங்களின் பங்குகள் சந்தை தரக்கூடியதைவிடக் குறைந்த விலைக்குப் பொதுமக்களுக்குக் கிடைத்தன. அன்று விண்ணப்பித்துப் பங்கு பெற்றவர்கள் பலன் அடைந்தார்கள். தொழில் நடத்தியவர்களோ முதல் திரட்டுவதற்குத் தயங்கினார்கள்.

1992-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சட்டப்பூர்வ அதிகாரம் பெற்றதும் அதே ஆண்டில். நிறுவனங்களே விலை வைக்கத் தொடங்கின. 1990-களின் நடுவில் புதிய வெளியீடுகள் வெள்ளமாக வந்தன. பணம் வாங்கிய பல நிறுவனங்கள் பிறகு இருந்த இடம் தெரியாமல் போயின. மலிவாக விலை வைத்த குறை ஒரு காலத்துக்கு, எந்த விலையும் வைக்கலாம் என்ற குறை மறு காலத்துக்கு.

லாபத்தின் மடங்கு

இன்று மிகப் பரவலாகப் புழங்குவது பி.இ. விகிதம். பங்கு விலையைப் பங்கு ஒன்றுக்கான லாபத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்பதை அது சொல்கிறது. எளிதாக இருப்பதாலேயே இதில் ஏமாறுவதும் எளிது.

சாய் சில்க்ஸையே பார்க்கலாம். 2022-23 நிதியாண்டில் அதன் லாபம் சுமார் 98 கோடி ரூபாய். வெளியீட்டுக்கு முன் இருந்த பங்குகள் ஏறத்தாழ 12 கோடி. பங்கு ஒன்றுக்கு 8 ரூபாய் சொச்சம். 222 ரூபாய் என்பது அதன் 27 மடங்கு. ஆனால் வெளியீட்டில் ஏறத்தாழ 2.7 கோடி புதுப் பங்குகள் சேர்ந்தன. அதே லாபத்தை 14.7 கோடிப் பங்குகளுக்குப் பிரித்தால் மடங்கு 33 ஆகிவிடுகிறது. இரண்டு எண்ணும் பொய்யில்லை. புதிதாகப் பங்கு வாங்கியவருக்குப் பொருந்துவது இரண்டாவது. திரட்டிய 1,201 கோடியில் ஏறத்தாழ பாதிதான் நிறுவனத்தின் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறுபாதி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்றதற்குப் பெற்ற பணம். இது சட்டத்துக்கு உட்பட்ட, வழக்கமான நடைமுறை. வெளியீட்டு ஆவணத்திலேயே எழுதியும் இருக்கும். படிப்பவர்கள்தாம் குறைவு.

மடங்குக்கு எதிரான ஆழமான ஆட்சேபம், லாபம் என்ற எண்ணையே பற்றியது. பட்டுத் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடைக்காரர் சேலையை எடுத்துக்கொண்டு போவது ஒரு நாள், பணம் தருவது மாதங்கள் கழித்து. சேலை கைமாறிய அன்றே கணக்கில் விற்பனையும் லாபமும் ஏறிவிடும். அடுத்த பாவுக்கு நூல் வாங்க உற்பத்தியாளர் வட்டிக்குப் பணம் புரட்டிக்கொண்டிருப்பார். கணக்கில் லாபம், கையில் கடன். பட்டியலிட்ட நிறுவனங்களில் இதைக் காட்டிக்கொடுப்பது ரொக்கப் பாய்வு அறிக்கை. லாபம் வருடாவருடம் ஏறியும் தொழிலிலிருந்து ரொக்கம் வரவில்லை என்றால், பாக்கியிலோ சரக்கிலோ பணம் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்த அறிக்கையும் கடைசிக் காப்பு ஆகாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தின்படி, அந்நிறுவனம் கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு அது. மதிப்பீட்டு முறை எதுவானாலும், கணக்கு எழுதுபவரின் நேர்மையை நம்பித்தான் தொடங்குகிறது.

வரப்போகும் பணம்

கோட்பாட்டளவில் மிக உறுதியான விடை 1938-இல் ஜான் பர் வில்லியம்ஸ் தந்தது. ஒரு பங்கின் மதிப்பு, அது உரிமையாளருக்கு இனித் தரப்போகும் பணம் முழுவதையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால் வருவது. பத்து வருடம் கழித்து வரும் 100 ரூபாய், 12 சதவீதம் வருமானம் எதிர்பார்ப்பவருக்கு இன்று 32 ரூபாய்தான். வட்டிக்குக் கொடுத்து வாங்கிப் பழகிய எவருக்கும் இதில் புதுமை இல்லை.

சிக்கல் எண்களைப் போடும்போதுதான். நம் உற்பத்தியாளரின் 10 லட்சமும் ஆண்டுதோறும் உரிமையாளர் கையில் வருகிறது, வாங்குபவர் 12 சதவீதம் எதிர்பார்க்கிறார் என்று கொள்வோம். லாபம் என்றும் வளராது என்றால் மதிப்பு 83 லட்சம். ஆண்டுக்கு 4 சதவீதம் வளரும் என்றால் ஒன்றேகால் கோடி. 8 சதவீதம் வளரும் என்றால் இரண்டரைக் கோடி. அதே தறிகள், அதே லாபம். வளர்ச்சி பற்றிய ஓர் அனுமானத்தை மாற்றியதும் மதிப்பு மூன்று மடங்காகிறது. பெரிய வளர்ச்சி விகிதத்தை எழுதிவிட்டால் எந்த விலையையும் நியாயப்படுத்தலாம் என்பது இந்த முறையின் நிரந்தரக் குறை. வளர்ச்சிக்காக லாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலிலேயே திருப்பிப் போட வேண்டியிருக்கும் என்பதையும் ஆர்வக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் குறையை மறைக்காமல் கையாள முயல்பவர், சென்னை லயோலா கல்லூரியில் படித்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அஸ்வத் தாமோதரன். நிறுவனத்தைப் பற்றி நாம் நம்பும் கதையை முதலில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஒவ்வோர் எண்ணும் அந்தக் கதையோடு பொருந்த வேண்டும், கதை மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்பது அவர் நிலை. பட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் கேள்விகள் கூர்மையாகின்றன. சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டின் சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையில் நிற்கும்? விசைத்தறிச் சேலை எந்த விலைக்குப் போட்டியிடும்? அடுத்த தலைமுறை தறிக்குழியில் உட்காருமா? இவற்றுக்கு விடை சொல்லாமல் 8 சதவீத வளர்ச்சி என்று எழுதுவது கணக்கு ஆகாது.

நல்ல பெயருக்கு விலை கொடுக்கலாமா என்பது இங்கே கிளைக்கும் தனி விவாதம். வாரன் பஃபெட்டும் சார்லி மங்கரும் 1972-இல் சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தை, அதன் தொட்டறியக்கூடிய சொத்து சுமார் 80 லட்சம் டாலராக இருந்தபோது, 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். கிரகாமின் மாணவரான பஃபெட்டுக்கு இது பெரிய விலகல். விலையை ஏற்றினாலும் வாடிக்கையாளர் போகமாட்டார் என்ற கணிப்பு பலித்தது. பலிக்காத கணிப்புகள் இவ்வளவு தூரம் பேசப்படுவதில்லை என்பதால், இந்த ஓர் உதாரணத்தை விதியாக எடுத்துக்கொள்வதில் எச்சரிக்கை வேண்டும்.

சந்தையை மிஞ்ச முடியுமா?

இத்தனை கணக்கும் வீண் வேலை என்பவர்களும் உண்டு. கிடைக்கும் தகவல்கள் எல்லாம் ஏற்கெனவே விலையில் கலந்துவிட்டன என்று 1970-இல் யூஜின் ஃபாமா வாதிட்டார். ராபர்ட் ஷில்லர் 1981-இல், பங்கு விலைகள் ஆடும் ஆட்டம் பிற்பாடு வந்த ஈவுத்தொகைகளின் ஏற்ற இறக்கத்தால் விளக்கக்கூடியதைவிட மிகப் பெரியது என்று காட்டினார். 2013-இல் பொருளாதார நோபல் பரிசை லார்ஸ் ஹான்சனோடு இவ்விருவரும் பகிர்ந்துகொண்டனர். இவர்களுக்கு முன்பே 1936-இல் பொருளாதார அறிஞர் கெயின்ஸ், முதலீட்டாளர்கள் நிறுவனத்தின் தகுதியைவிட மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையே ஊகிக்கிறார்கள் என்று எழுதிவிட்டார்.

ஃபாமாவின் நிலை முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. விலை தவறாக இருக்கிறது என்பது ஒன்று. அதைக் கண்டுபிடித்து லாபம் பார்க்க ஒரு சாதாரண ஆளால் முடியும் என்பது வேறொன்று. இரண்டாவதற்கு ஆதாரம் மிகக் குறைவு. அதனால்தான் ஜான் போகிள் 1976-இல் பொதுமக்களுக்குக் கொண்டுவந்த குறியீட்டு நிதி முறை, சந்தை முழுவதையும் குறைந்த செலவில் வாங்கி வைக்கும் வழி, தொடக்கக்காரருக்கு இன்றும் வலுவான விடையாக நிற்கிறது. இதன் நேரெதிர் பாதையின் விளைவைச் செபியின் 2024 ஆய்வு காட்டியது: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு சார்ந்த எஃப் அண்டு ஓ (எதிர்கால, விருப்ப ஒப்பந்த) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள்.

வடமாவட்டங்களின் அனுபவம்

மதிப்பீட்டுக் கணக்கு, பங்கு வாங்காதவருக்கும் பயன்படும். ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின்மீது 2022-இல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. திருவண்ணாமலை உள்ளிட்ட வடமாவட்டங்களையும் சென்னையையும் சேர்ந்த சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லப்பட்டிருந்தது.

அந்த வாக்கைப் பி.இ. கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சத்துக்கு மாதம் 30,000 என்றால், மூன்றரை மாத வருமானத்துக்கும் குறைவான விலைக்குத் தன் தொழிலின் வருமானத்தை ஒருவர் விற்க முன்வருகிறார் என்று பொருள். நல்ல தொழிலுக்கு 20, 30 ஆண்டு லாபத்தைச் சந்தை தரும் நாட்டில், உண்மையிலேயே அப்படி ஈட்டும் ஒருவர் முன்பின் அறியாதவருக்கு ஏன் இவ்வளவு மலிவாக விற்க வேண்டும்? இந்த ஒரு வகுத்தல் சில குடும்பங்களின் நகையையாவது மிச்சப்படுத்தியிருக்கும் என்றே நம்புகிறேன். மேலே பார்த்த முறைகள் எத்தனை முரண்பட்டாலும், இந்தப் பணம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று கேட்பதில் அவற்றை முன்வைத்தவர்கள் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

தீராமல் நிற்பவை

வருங்காலப் பணத்தை எந்த விகிதத்தில் குறைப்பது என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. இந்தியாவுக்கு 11 சதவீதமா 14 சதவீதமா என்பதிலேயே மதிப்பு வெகுவாக மாறுகிறது. பெயர், திறன், வாடிக்கை போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்தை எப்படிக் கணக்கில் ஏற்றுவது என்பது கணக்கியலில் இன்னும் முடியாத வழக்கு. குடும்பங்கள் கட்டுப்படுத்தும் நிறுவனங்கள் மிகுந்த நம் நாட்டில், சிறு பங்குதாரரின் உரிமைக்காக விலையில் எவ்வளவு குறைத்துப் போடுவது என்பதற்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு இல்லை. பங்குகளை வைத்திருப்பதற்கான டீமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் பத்துக் கோடியைத் தாண்டின. இப்படிப் புதிதாக வருபவர்கள் மாதாமாதம் போடும் பணம் விலைகளைத் தகும் அளவுக்குமேல் தாங்கிப் பிடிக்கிறதா என்பதில் இருபக்கமும் வாதங்கள் உள்ளன.

என் மதிப்பீட்டில், தொடக்கக்காரர் ஒரே எண்ணைத் தேட வேண்டியதில்லை. சொத்து, லாபம், வரும் பணம் ஆகிய மூன்றையும் போட்டுப் பார்த்து, அவை ஏன் வேறுபடுகின்றன என்று விளக்க முடிந்தால் அந்தப் பங்கைப் பற்றி யோசிக்கலாம். விளக்க முடியாவிட்டால் குறியீட்டு நிதி போதும்.

ஆனால் போட்டுப் பார்ப்பதற்கு முதலில் படிக்கக் கிடைக்க வேண்டும். புதிய வெளியீடுகளின் முக்கிய விவரங்களைக் காணொளியாக ஆங்கிலத்திலும் இந்தியிலும் தர வேண்டும் என்று செபி 2024-இல் உத்தரவிட்டது. ஆரணியில் நெய்த சேலையை விற்கும் ஒரு நிறுவனம் நாளை பங்கு விற்க வந்தால், அதை நெய்தவருக்கு அந்த விவரம் தமிழில் கிடைக்க வேண்டும். செபி அந்த உத்தரவைத் தமிழுக்கும் பிற மாநில மொழிகளுக்கும் விரிவாக்க வேண்டும்.